தெற்குக் கதவுக்கு முட்டுக் கொடுத்தவன்

இரண்டு நாள் முழுக்க நான் புயலின் கண்ணுக்குள் உட்கார்ந்திருப்பதாக நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருப்பூர் மண்ணரையில் எங்கள் தகரக் கொட்டகைக்கு நேர் மேலே அந்தக் கண் வந்து நின்றுகொண்டு, மிச்சம் பாதியை எப்போது அவிழ்த்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பதாக நம்பினேன். எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் பயந்தவனுக்குப் பூகோளம் எதற்கு?

இந்த அறிவை எனக்குப் புகட்டியவர் பக்கத்துப் போர்ஷன் டெய்லர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஞாயிறு காலை குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போய்வந்து, மத்தியானம் மீன் குழம்பு வாசத்தில் எங்கள் லைன் வீடு மொத்தத்தையும் கிறங்க வைப்பவர். எங்கள் பவர் டேபிளில் தைப்பவரும் அவர்தான். பவர் டேபிள் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஒரு நீள மேஜை, மேலே ஆறு மிஷின், அடியில் ஒரே இரும்புத் தண்டு. ஓரத்து மோட்டார் தண்டைச் சுற்றும், தண்டு ஆறு மிஷினையும் ஓட்டும். கரண்ட் போனால் ஆறும் ஒட்டுக்காகச் செத்துப்போகும்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது அவர் சொன்னார்: "புயலுக்கு நடுவுல கண்ணுன்னு ஒண்ணு உண்டு அண்ணாச்சி. மொதல்ல வடக்கேருந்து அடிக்கும். பொறவு ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது. வானம் வெளுத்துரும். ஆளுக வெளிய வந்து வேடிக்க பாப்பாவ. அப்பத்தான் தெக்கேருந்து திருப்பி அடிக்கும். மொத அடிக்குத் தப்பிச்சவன் ரெண்டாவது அடில போயிருவான்."

"எங்களுக்குக் குடிக்கவே வாரம் ஒருக்காத்தான் தண்ணி வருது. இதுல புயல் வேற வருதாக்கும்?" என்று நான் சிரித்தேன். பேச்சில் அவரை மடக்கிவிட்ட திருப்தியில் இன்னொரு டீ சொன்னேன். அவர் சொன்னதை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறக்கவில்லை. அது உள்ளே போய், பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, சமயம் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம் அந்தச் சமயம் வந்தது.

அப்போது கொட்டகையில் இருந்த வேலை என்னுடையதல்ல, என் மனைவியுடையது. ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் அவள். நின்றவள் என்றால் நின்றே இருந்தவள். செக்கிங்குக்கு நாற்காலி கிடையாது. பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடி, ஓட்டை பார், போடு, அடுத்ததை எடு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பாள். எங்கள் கொட்டகையோ யார் யாரிடமோ உதிரி வேலை வாங்கித் தைத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நான் முதலாளி. சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும்.

அந்த மாதம் அவளாகவே ஒரு வியாபாரியிடம் போய்ப் பேசி, குழந்தைகளுக்கான வெள்ளைக் கைவைக்காத பனியன் ஆர்டர் ஒன்றைப் பிடித்து வந்தாள். துணி வந்து பத்தாம் நாள் சரக்கு போக வேண்டும். ஒரு புள்ளி, ஒரு கறை இருக்கக் கூடாது. ஒழுங்காகப் போனால் வருஷம் முழுக்க வேலை தருவதாக வியாபாரி சொல்லியிருந்தார்.

"இது மட்டும் நல்லபடியா போச்சுன்னா, அந்த டேபிளுக்கு இனி நான் போவ மாட்டனுங்க" என்று அவள் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் கம்பெனி வேலையை ஏற்கெனவே விட்டுவிட்டு வந்துதான் சொன்னாள்.

துணியைச் சலவைப் பட்டறைக்கு அனுப்பியிருந்தோம். நொய்யல் கரையில் இருந்தது பட்டறை. மழை வலுத்ததும் பட்டறைக்காரருக்கு உதறல் எடுத்துவிட்டது. ஆறு ஏறினால் துணி மொத்தமும் போய்விடும், காயவைக்க நேரமில்லை, நீங்களே காயவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வெளுத்த துணியை ஈரத்தோடு டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டார். பதினான்கு மூட்டை. ஒவ்வொன்றும் நனைந்த எருமைக்கன்று மாதிரி கனத்தது. ஈரத்தோடு இரண்டு மூன்று நாள் கட்டிக் கிடந்தால் வெள்ளைத் துணியில் பூசணம் பூத்துக் கரும்புள்ளி விழுந்துவிடும். அப்புறம் எந்தச் சலவைக்கும் போகாது. இது திருப்பூரில் பிறந்த பூனைக்கும் தெரியும்.

மறுநாள் விடிந்தபோது வடக்கிலிருந்து அடிக்க ஆரம்பித்தது.

சும்மா சொல்லக் கூடாது, காற்று நல்ல காற்றுதான். கூரைத் தகரம் நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. கக்கூஸின் மேலிருந்த தகரம் கழன்று, எங்கள் வீதியைப் பறந்து தாண்டி, எதிர்ப்புறத்துச் சோளக்காட்டில் போய் இறங்கியது. முக்கில் நின்ற கரண்ட் கம்பம் ஒருபக்கம் சாய்ந்து, யோசித்து, படுத்தது. மண்ணரையில் இராப்பகலாக ஓடும் நிட்டிங் மிஷின்களின் இரைச்சல் ஒரே நொடியில் நின்றுபோனது. அந்த இரைச்சல் எங்களுக்கு மூச்சு மாதிரி. நின்ற பிறகுதான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது.

ஒட்டியிருந்த எங்கள் வீட்டுக்குப் போகும் உள்வழியை விட்டால், எங்கள் கொட்டகைக்கு இரண்டு கதவு. வடக்குக் கதவு பின்னால் இருக்கும் கருங்கல் பாறையைப் பார்த்து, தெற்குக் கதவு வீதியைப் பார்த்து. வடக்குக் கதவு காற்றில் உப்பியது. எனக்கு உடனே மூளை வேலை செய்தது. என் வாழ்க்கையில் நடந்த கெடுதல்கள் பாதி அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. ஊரில் மற்றவர்கள் கதவுக்கு அம்மிக்கல்லை வைத்திருப்பார்கள், ஆட்டுக்கல்லை உருட்டியிருப்பார்கள். பனியன்காரன் கண்ணுக்குப் பாரம் என்றால் ஈரத்துணிதானே. பதினான்கு மூட்டையையும் இழுத்து வடக்குக் கதவின்மேல் அடுக்கினேன். கதவு நின்றது. நெஞ்சு நிமிர்ந்தது.

மத்தியானம் இரண்டு மணி வாக்கில் காற்று நின்றது. மழை நின்றது. வானம் வெளுத்தது. வீதியில் ஆட்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

உள்ளே பாய் விரித்துப் படுத்திருந்தது எழுந்து உட்கார்ந்தது.

"ஏம்புள்ள, வெளிய போகாத! இது கண்ணு! கண்ணுக்குள்ள இருக்கறோம்!" என்று கத்தினேன்.

"யாரு கண்ணுக்குள்ளயுங்க?" என்றாள் அவள்.

விளக்கிச் சொன்னேன். டெய்லரைச் சாட்சிக்கு இழுக்கலாமென்றால் அவர் அங்கில்லை. அக்கா குடும்பம் எப்படி இருக்கிறதோ என்று காற்று நின்ற மறுநிமிஷமே அருள்புரத்துக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரெண்டாவது அடியில் போகப்போகிறவர் அவர்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மனசுக்குள் அஞ்சலி செலுத்திவிட்டு, அடுத்த வேலையைப் பார்த்தேன். தெற்கிலிருந்து அடிக்கும் என்றால் தெற்குக் கதவுக்கல்லவா பாரம் வேண்டும்? பதினான்கு மூட்டையையும் வடக்கிலிருந்து தெற்குக்கு இழுத்தேன். பன்னிரண்டைக் கதவின்மேல் அடுக்கி, தார்ப்பாயால் மூடிக் கட்டினேன். மீதி இரண்டைப் பக்கத்து ஜன்னல் அருகே போட்டு, மேலே பாலித்தீன் விரித்து, அதன்மேல் நான் உட்கார்ந்தேன். நாற்காலி என்றால் காற்றில் ஆளோடு போய்விடும். ஈரமூட்டை போகாது. இதெல்லாம் முன்யோசனை.

"ஏனுங்க, காத்து நின்னுருச்சு. துணியப் பாற மேல விரிச்சுப்போட்டுர்லாமுங்க" என்றாள்.

"விரிச்சா தெக்கத்திக் காத்து அள்ளிட்டுப் போயிரும். ஒரு மணி நேரம் பொறு. அடிச்சு முடிக்கட்டும்."

ஒரு மணி நேரம் ஆனது. அடிக்கவில்லை. இரண்டு மணி, மூன்று மணி, பொழுதும் இறங்கிவிட்டது. அடிக்கவில்லை. சாதாரண மனிதனாக இருந்தால் சந்தேகம் வந்திருக்கும். எனக்கோ காரணம் தோன்றியது. கடலோரத்தில் ஒரு மணி நேரமென்றால், இத்தனை தூரம் நடந்து வந்த களைப்பில் புயலும் மெதுவாகத்தானே நடக்கும்? கண் கடக்க அதிக நேரம் பிடிக்கும். என் கணக்கில் குறைந்தது இரண்டு நாள்.

மறுநாள் காலையில் அவள் மறுபடி கேட்டாள். "ஈரத்துல கட்டிக் கெடக்குதுங்க. இன்னிக்குப் பிரிக்காட்டி புள்ளி விழுந்துரும்."

"துணி போனா வேற துணி. ஆளு போனா?"

"வேற ஆர்டர் வருமுங்களா?"

பதில் இல்லாத இடத்தில் குரலை உயர்த்துவது என் குடும்ப வழக்கம். உயர்த்தினேன். அவள் 'சரீங்க' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒன்பது வருஷம் பனியனில் ஓட்டை பார்த்தவள் சட்டென்று 'சரீங்க' என்றால், கட்டினவன் கொஞ்சமாவது பயந்திருக்க வேண்டும். எனக்குத்தான் பயம் முழுக்க வானத்தில் செலவாகிக்கொண்டிருந்ததே.

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து தெற்கே பல்லடம் பக்கத்து வானத்தைப் பார்ப்பேன். எழுந்துபோய் சுவிட்சைத் தட்டுவேன். கரண்ட் இல்லை. திரும்ப உட்காருவேன். அடிவானத்தில் ஒரு மேகம் கொஞ்சம் கறுத்தால் வயிறு கலங்கும். கலங்கினால் போவதற்குக் கக்கூஸுக்குக் கூரை இல்லை. மழைக் கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வானத்துக்கு நேர் கீழே, கண்ணை மேலே வைத்துக்கொண்டு குந்தியிருப்பேன். அந்தப் பத்து நிமிஷம் நான் எவ்வளவு பாதுகாப்பில்லாமல் இருந்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

வீதியில் கம்பி அறுந்து கிடந்தது. கரண்ட்டே இல்லாத கம்பிதான், இருந்தாலும் எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைத் தாண்டிக் குதித்தார்கள். நான் அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீதி வழியாக டீக்கடைக்குப் போவேன். சேதி கேட்கத்தான். பேப்பர் வரவில்லை, டி.வி. இல்லை. மோட்டார் ஓடாததால் போர்க்குழாயில் தண்ணீர் இல்லை. மெழுகுவர்த்தி தீர்ந்துபோய், கடைக்காரர் கோயிலுக்கு வைத்திருந்த சூடத்தை விற்றுக்கொண்டிருந்தார். மாவு மிஷின் ஓடவில்லை என்பதால் டீக்கடையில் இட்லி இல்லை, பன் மட்டும். புயலைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நான்தான் சொன்னேன். கண் என்றால் என்ன, ரெண்டாவது அடி எப்படி இருக்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நான்கு பேர் பயந்துபோய் வீட்டுக்கு ஓடினார்கள். கடைக்காரர் மட்டும் என்னை அடுத்த தடவையிலிருந்து டீயைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் எழுந்திருக்கச் சொன்னார்.

வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. பேட்டரி செத்துப்போயிருந்தது. செத்த பேட்டரியை வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வருமல்லவா? அன்று மங்கலாகக் கொஞ்சம் வெயில் எட்டிப்பார்த்தது. ஜன்னல் திட்டில் நான்கு பேட்டரியையும் வரிசையாக வைத்தேன்.

டெய்லரின் சம்சாரம் அதைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "யக்கா, பேட்டரி காயதுக்கு வெயிலு இருக்குல்லா? துணிக்கு மட்டும் இல்லியாமா?"

"அது வேற வெயிலாட்ட இருக்குது புள்ள" என்றாள் என் மனைவி.

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனார்கள். அன்று முழுக்க அவர்கள் பின்பக்கமே இருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வடக்கோடு எனக்கு வேலை முடிந்துவிட்டது. வரப்போவது தெற்கு.

மூன்றாம் நாள் காலையில் ஒரு அதிசயத்தைக் கவனித்தேன். அலுத்துப்போய்த் தார்ப்பாய் மூடிய அடுக்கில் முதுகைச் சாய்த்தேன். முந்தின நாள் கல் மாதிரி சில்லென்று இருந்தது, இப்போது மெத்தை மாதிரி இருந்தது. அமுக்கினால் உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வந்தது. ஈரவாடை இல்லை.

"ஏம்புள்ள! வந்து தொட்டுப் பாரு! புள்ளி விழும், புள்ளி விழும்னு குதிச்சியே. கட்டுக்குள்ளயே காஞ்சு கெடக்குது பாரு!"

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அடுக்கைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமாங்க. ரெண்டு நாளா நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே. உங்க சூட்டுக்கே காஞ்சிருக்கும்" என்றாள்.

பெருமையாக இருந்தது. ஒரு தூக்கம் போட்டேன்.

அன்று மத்தியானம் டெய்லர் வந்து சேர்ந்தார். வழி நெடுக மரம் விழுந்து கிடந்ததாம். சைக்கிளை அவர் ஓட்டியதைவிட அது அவர் தோளில் ஏறி வந்ததுதான் அதிகம். நான் ஜன்னல் வழியாகவே கத்தினேன்: "உயிரோட இருக்கறீங்களா! உள்ள வாங்க, சீக்கிரம்! கண்ணு இன்னும் கடக்கல!"

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு பாலித்தீன்மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பிறகு திட்டில் வரிசையாக நின்ற பேட்டரிகளை.

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய? எந்தக் கண்ணு?"

"நீங்க சொன்னீங்களே. ரெண்டாவது அடி."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்க ஆரம்பித்தவர் இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, மறுபடி சிரித்தார். "யய்யா, அது கடக்கரைக்குல்லா சொன்னேன்! கரை ஏறி இம்புட்டுத் தொலவு வந்தா அதுக்கு ஏது கண்ணு? அது மழையாக் கரைஞ்சு ரெண்டு நாளாச்சு. அருள்புரத்துல டீக்கடை ரேடியோலயே சொல்லிட்டான்."

மூன்று நாளாக என் முதுகெலும்பை இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டுப்போனது. அந்த இடத்தில் உடனே வேறொன்று வந்து பிடித்தது: பதினான்கு மூட்டை. மூன்று ராத்திரி. வெள்ளைத் துணி. ஒன்பது வருஷம் நின்ற கால்.

தார்ப்பாய்க் கயிற்றைப் பிரிக்க வராமல் அரிவாளால் அறுத்தேன். முதல் மூட்டையின் கட்டை அவிழ்த்தேன். உள்ளே இருந்து நீலம், சிவப்பு, சாம்பல் நிறத் துண்டுகள் காலில் கொட்டின. கட்டிங் வேஸ்ட். பனியன் வெட்டியது போக மிஞ்சும் கத்தரிப்புத் துணி, எடைக்குப் போடுவதற்காகப் பரணில் கிடந்தது. இரண்டாவது மூட்டையிலும் அதே. மூன்றாவதிலும் அதே. பன்னிரண்டு சாக்கு வேஸ்ட்டை நான் புயலுக்கு முன்னால் நெஞ்சு கொடுத்துக் காத்திருக்கிறேன்.

வடக்குக் கதவைத் திறந்தேன். பாறை காலியாக இருந்தது. கதவோரத்துப் பாயில் வெள்ளைத் துணி மடித்து மடித்து, என் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தது. என் மனைவியும் டெய்லரின் சம்சாரமும் கடைசி மடிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப எடுத்த?" என்றேன்.

"நீங்க டீக்கடைக்குச் சேதி சொல்லப் போறப்பத்தானுங்க. ஒரு நடைக்கு ரெண்டு மூட்ட."

"நான் எத்தன தடவ போனேன்?"

"அது உங்களுக்குத்தானுங்க தெரியும். எங்களுக்கு ஆறு தடவ போதும்."

டெய்லர் பின்னால் வந்து நின்று மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். அவர் சம்சாரம் அவரை அதட்டினாள்: "சிரிக்காதிய. நீங்க வச்ச தீதான அது?"

துணி காய்ந்துவிட்டது, ஆனால் தைக்கக் கரண்ட் வேண்டுமே. படுத்த கம்பத்தைத் தூக்க ஆள் வருவார்கள் என்று ஊர் காத்திருந்தது. லைன்மேனைப் பார்த்த இடத்திலெல்லாம் மக்கள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சூழ்ந்துகொண்டார்கள். அவரும் பாவம், 'நாளைக்கு' என்பார். என் மனைவி நாளைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. சேவூரில் அவள் அண்ணன் தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைக்க ஒரு ஆயில் எஞ்சின் உண்டு. பாதை திறந்த மறுநாள் சொல்லி அனுப்பினாள். மழை பெய்து கிணறு நிறைந்த நேரம், எஞ்சினுக்கு அங்கே வேலை இல்லை. மச்சான் அதை டெம்போவில் ஏற்றி வந்து, வடக்குக் கதவுக்கு வெளியே பாறையில் இறக்கி வைத்தார். பவர் டேபிளின் தண்டுக்கும் அதற்கும் ஒரு நீள பெல்ட்டை மாட்டினோம்.

கைப்பிடியைச் சுற்றியதும் எஞ்சின் ஒரு குதி குதித்து 'டுக் டுக் டுக்' என்றது. ஆறு மிஷினும் ஒன்றாக உயிர் பெற்றுப் பேய் வேகத்தில் ஓடின. டெய்லர் காலைத் தூக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, இது தைக்கலே, துணியத் திங்குது!" என்று கத்தினார். மச்சான் பெரிய சக்கரம் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டிய பிறகு நிதானப்பட்டது.

எனக்கு ஒரு வேலை கேட்டேன். அதுவரை யாரும் எதுவும் தரவில்லை.

என் மனைவி எஞ்சினின் புகைக்குழாயைப் பார்த்தாள், உள்ளே இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பொகை உள்ள வந்தா துணி கறுத்துரும். நீங்க வெளிய உக்காந்து காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க. திரும்புச்சுன்னா சொல்லுங்க, கதவச் சாத்திக்கறோம். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

மச்சான் சட்டென்று பெல்ட்டைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

உட்கார்ந்தேன். காலையிலிருந்து பொழுது இறங்கும்வரை, ஒரு குச்சியில் பனியன் துணியைக் கட்டி நட்டுவைத்து, அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்று ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை திரும்பியது. ஒவ்வொரு தடவையும் "திரும்பிருச்சு!" என்று கத்தினேன். ஒவ்வொரு தடவையும் கதவு சாத்தப்பட்டது.

துணி வந்த ஒன்பதாம் நாள் சரக்கு போனது. கரண்ட் அதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது. வியாபாரி பனியன்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சரக்கு குறைகிறதே என்று மட்டும் கேட்டாராம். பதினான்கு மூட்டைத் துணியில் பன்னிரண்டுதான் பனியன் ஆனது. புயலில் இரண்டு கெட்டுவிட்டது என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். அடுத்த ஆர்டர் அவளுக்குக் கிடைத்தது. அவள் செக்கிங் டேபிளுக்குத் திரும்பப் போகவில்லை.

கெட்ட இரண்டும் புயலில் கெடவில்லை. அந்த இரண்டை மட்டும் அவர்களால் வேஸ்ட்டுக்கு மாற்ற முடியவில்லை; மாற்றினால் உட்காரும்போதே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.